கடலில் குளிக்கலாம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். உன் காது வலி இப்போது எப்படி இருக்கிறது? நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிற வேலை, காதை அலட்சியம் செய்யாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தான் ஆறு வருஷமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு எடுத்ததில்லை. பஸ் ஓட்டுவதை விட்டால் அவருக்குத் தெரிந்த ஒரே பொழுதுபோக்கு பஸ்ஸைக் கழுவுவது. அந்த மனிதர் நேற்றுச் சாப்பிடும்போது, "உன் தம்பி வேலை பாக்கிற இடத்துக்கு ஒரு வாரம் போய்ட்டு வரலாமா?" என்றார். கரண்டி என் கையிலிருந்து நழுவிவிட்டது. காய்ச்சல் ஏதும் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு உங்கள் விடுதியில் வருஷத்துக்கு ஒரு வாரம் அறை கொடுப்பார்கள் என்று சொன்னாயே, மே முதல் வாரம் கிடைக்குமா? மூக்குக் கண்ணாடிக் கடையில் நான் லீவு சொல்லிவிட்டேன். கண் பரிசோதிக்க ஒரு வாரம் நீ இல்லாவிட்டால் ஊர் குருடாகிவிடாது என்று முதலாளி சிரித்தார்.

எங்கள் வாலுப் பெண்ணுக்கு எட்டு வயது முடியப் போகிறது, இன்னும் கடலைப் பார்த்ததில்லை. அங்கே என்னவெல்லாம் செய்யலாம் என்று மாமாவை நம்பர் போட்டு எழுதச் சொல்கிறாள். ஒன்றையும் விடக் கூடாதாம்.

அன்புடன்,
உன் அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காது பரவாயில்லை. இங்கே போன் விருந்தினர்களுக்கு மட்டும் என்பதால் எல்லாவற்றையும் எழுதித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்.

மே முதல் வாரத்துக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். வாலுவிடம் சொல், பட்டியல் போடுவதுதான் என் தொழிலே. தினமும் காலையில் வரவேற்பறை வாசலில் 'இன்று என்ன செய்யலாம்' என்று ஒரு கரும்பலகையில் நான்தான் எழுதி வைக்கிறேன். முதல் வரி எப்போதும் 'கடலில் குளிக்கலாம்'. அடுத்தது, அடியில் கண்ணாடி பதித்த படகில் மீன் பார்ப்பது. மூன்றாவது கலங்கரை விளக்கம் ஏறுவது, நூற்று எண்பது படி, அத்தான் பாதியில் உட்கார்ந்துவிடுவார். நாலாவது சிப்பி பொறுக்குவது. ஐந்தாவது மணலில் வீடு கட்டும் போட்டி, நடுவர் நான்தான் என்பதால் பரிசு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. மிச்சத்தை நேரில் காட்டுகிறேன்.

ஆனால் எதற்கும் முன்னால் கொடியைப் பார்க்கக் கற்றுக் கொடு. நான் உட்காரும் காவல் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் இருக்கிறது. பச்சை என்றால் தாராளமாகக் குளிக்கலாம். மஞ்சள் என்றால் இடுப்பளவுக்கு மேல் போகக் கூடாது, சின்னப் பிள்ளைகள் பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு என்றால் கால்கூட நனைக்கக் கூடாது. சிவப்பு ஏறினால் பலகையின் முதல் வரியை நானே போய் அழித்துவிட வேண்டும், அதுதான் முறை.

அறைதான் கொஞ்சம் சுமார். எங்கள் ஆட்களுக்குக் கொடுப்பது பின்பக்கம், ஜெனரேட்டர் பக்கத்தில். கடலைப் பார்த்த அறையெல்லாம் மானேஜர் கையில்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், ஆனால் யாருக்கும் கால் தரையில் படவில்லை. வாலு உன் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். நீச்சல் உடை வாங்கிக் கொடுத்தோம், அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். "சிவப்புன்னா?" என்று கேட்டால், "காலைக்கூட நனைக்கக் கூடாது" என்று தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

உன் அத்தானுக்குக் கொடிப் பாடம் தேவையில்லை. டிரைவர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நிறம் தெரிகிறதா என்று புள்ளிப் புத்தகம் காட்டிச் சோதிப்பது என் வேலை. ஒரு பக்கம் விடாமல் சரியாகப் படித்துவிட்டு, "இன்னொரு தடவை காட்டுங்க" என்று வழிந்தவர்தானே அவர். அப்படித்தானே என் கழுத்தில் விழுந்தார்.

அறை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மனசு வை. இனி எப்போது வரப்போகிறோம்? ஜெனரேட்டர் சத்தம் கேட்க அவர் பஸ்ஸிலேயே இருந்துவிடலாமே. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்று ஒரு ஆசை. மானேஜர் காலைப் பிடித்தோ கையைப் பிடித்தோ ஏதாவது செய்யேன்.

உன் அக்கா


ஏப்ரல் 6, காலை ஒன்பதரை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நாற்காலியில் உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்து எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள். பத்து மணிக்குத் தபால் பை போய்விடும்.

அறை கிடைத்துவிட்டது! பன்னிரண்டாம் நம்பர், மாடியில், கடலைப் பார்த்தது. எப்படி என்று கேள். மூன்று நாளாகக் கடல் சரியில்லை. கரையிலிருந்து ஒரு இடத்தில் தண்ணீர் வாய்க்கால் மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. என் கணக்குக்கு இன்றைக்குச் சிவப்பு. காலையில் எடுத்துக் கட்டவும் போனேன். மானேஜர் வந்து, "எல்லா ரூமும் நிரம்பியிருக்கு. சிவப்பைப் பாத்தா ஜனங்க பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கெளம்பிடுவாங்க. நீ இந்த வாரம் கொஞ்சம் அனுசரிச்சுப் போ, பன்னெண்டாம் நம்பர் உங்க அக்காவுக்குத்தான்" என்றார். சரி என்று மஞ்சளை ஏற்றிவிட்டேன். பலகையிலும் முதல் வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன். நான்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, என்ன ஆகிவிடும்.

வாலுவிடம் ஜன்னல் விஷயத்தை இப்போதே சொல்லாதே, நேரில் பார்க்கட்டும்.

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

கெட்டிக்காரன்டா நீ! உன் கடிதத்தை அத்தானுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "மச்சான் பொழைக்கத் தெரிஞ்சவன்" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நாங்கள் வந்து இறங்குகிற வரைக்கும் சிவப்புக் கொடியை உன் பெட்டியில் போட்டுப் பூட்டி வை.

எல்லோரும் நலம். எந்த பஸ்ஸில் வந்தால் வசதி என்று எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? பதில் இல்லையே. மூன்று நாளாகத் தபால்காரரை வாசலிலேயே மறிக்கிறேன், அவர் இப்போது என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. காது மறுபடி படுத்துகிறதா? ஒரு வரி போடு, போதும்.

உன் அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை வர வேண்டாம். மாடி அறைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், நாற்றம் தாங்காது. வாலுவை ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்து.

ஆறாம் தேதி ஒரு கடிதம் போட்டேனே, அதைக் கிழித்துவிடு. விடுதி விஷயத்தை வெளியே எழுதியது தெரிந்தால் இங்கே பிடிக்காது. கிழித்துவிட்டதாக எழுது.

தம்பி


மே 9

தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே வாலுவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், அழுது அழுதே வரவழைத்துக்கொண்டாள். இப்போது தேவலை.

பயணிகள் சீட்டில் விட்டுப் போகிற பேப்பரையெல்லாம் உன் அத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். அதில் ஒன்றில் உங்கள் விடுதியின் படம் இருந்தது. ஏப்ரல் ஆறாம் தேதி பதினொரு மணிக்கு எட்டு வயதுப் பெண் குழந்தை கடலில் போய்விட்டது என்று போட்டிருந்தார்கள். சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தபோது தாய் குழந்தையைத் தண்ணீரில் இறக்கினாள் என்று விடுதி சொல்கிறது. காவலுக்கு இருந்தவரும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். தான் பார்த்தது மஞ்சள் என்று அந்தத் தாய் சொல்கிறாளாம். அவளுக்கு நிறம் சரியாகத் தெரியாதோ என்று விடுதியின் வக்கீல் கேட்டிருக்கிறார். மற்ற விருந்தினர்கள் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தான் பேப்பரை மடித்துவிட்டு, "எந்தத் தாயாவது செவப்பைப் பாத்துட்டு இறக்குவாளா?" என்று அவளைத் திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து என் முகத்தைப் பார்த்தார்.

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. உறையில் ஆறாம் தேதி முத்திரை இருக்கிறது. உள்ளே நீயே மணி போட்டிருக்கிறாய். காவலுக்கு இருந்தவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. கொடி என்ன நிறம் என்று மட்டும் எழுது.

அக்கா


மே 20

அக்கா,

நீ படித்ததுதான். மஞ்சள்.

அந்த அம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில்தான் நின்றாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். மஞ்சளுக்கு என்ன விதியோ அதை அப்படியே செய்தாள். ஒரு அலை வந்து இரண்டு பேரையும் உருட்டியது, எழுந்தபோது அவள் மட்டும் எழுந்தாள். நான் குதித்தேன். எடுத்துக்கொண்டும் வந்தேன். நேரமாகிவிட்டது.

மணலில் கிடத்தி வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். மானேஜர் பக்கத்தில் குனிந்தார். உதவி செய்யத்தான் குனிகிறார் என்று நினைத்தேன். காதில், "கொடியை மாத்து" என்றார். நான் எழுந்து போனேன் அக்கா. என் இடத்தில் சலவை அறைக்காரர் உட்கார்ந்து, தெரிந்தும் தெரியாமலும் ஏதோ செய்தார். நான் மஞ்சளை இறக்கிச் சிவப்பை ஏற்றிவிட்டு, ஓடிப்போய்ப் பலகையில் முதல் வரியை அழித்துவிட்டு வந்தேன். எத்தனை நிமிஷம் என்று மட்டும் கேட்காதே. அந்த அம்மாள் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கம்பத்தைப் பார்க்கவில்லை.

உண்மை தெரிந்தால் என்னைத்தான் உள்ளே தள்ளுவார்கள். மானேஜர் சொன்னார் என்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? உன்னிடம் உள்ள கடிதம்தான் இருக்கிறது, அதில் நான் செய்ததும் இருக்கிறது. உன் ஜன்னலுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்காட்டவில்லை. எரித்துவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

பேப்பரில் அந்தத் தாயின் பேட்டையைப் போட்டிருந்தார்கள். இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். கண்ணாடிக் கடையிலிருந்து வருகிறேன், வீட்டுக்கு வீடு இலவசமாகக் கண் பார்க்கிறோம் என்று பொய் சொல்லிக்கொண்டு போனேன். அவள் தையல்காரி. ஒற்றை அறை, ஜன்னலோரம் மெஷின், சுவர் முழுக்க நூல்கண்டுகள். நான் இருக்கும்போதே ஒரு பெண் துணி வாங்க வந்தாள். அவளிடம் இவள் நூலைத் தூக்கிக் காட்டி, "இது பச்சைதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று இரண்டு தரம் கேட்டாள். இருபது வருஷமாகத் தைக்கிறவள்.

நான் புள்ளிப் புத்தகத்தைக் காட்டினேன். கடைசிப் பக்கம் வரை ஒன்றுகூடத் தப்பில்லை. "உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லை" என்றேன். அவள் சந்தோஷப்படவில்லை. "அப்போ செவப்பை நான் எப்படிங்க மஞ்சள்னு பாத்தேன்?" என்று கேட்டாள். "எல்லாரும் செவப்புங்கிறாங்க. எங்க வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு, இப்போ எங்கிட்டப் பேசுறதே இல்லை. கண்ணை மூடினா எனக்கே செவப்பாத்தான் வருது. நானே கொன்னுட்டேன்போல" என்றாள்.

உன் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. கை உள்ளே போயும், நான் எடுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன். கெட்டிக்காரன்டா என்று உனக்கு எழுதிய கை அல்லவா, எடுக்க வரவில்லை. நீ சின்ன வயதில் தண்ணீரைக் கண்டாலே அலறுவாய், கிணற்றடியில் உன்னைப் பிடித்து நிறுத்திக் குளிப்பாட்டியதும் இதே கைதான்.

விசாரணை ஜூலை இரண்டாம் தேதி முடிகிறது என்று போட்டிருக்கிறார்கள். உன் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தால் அக்கா காட்டிக்கொடுத்ததாக இருக்கும். நீயே கொடுத்தால் நீ சொன்னதாக இருக்கும். எது வந்தாலும் அத்தானும் நானும் உன் பக்கத்தில் நிற்போம், சிறைக்குப் போனால் வாரா வாரம் வந்து பார்ப்போம். போய்க் கொடு தம்பி. அவள் இன்னொருத்தியிடம் பச்சை எது என்று கேட்கும்படி வைக்காதே.

உன் அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், வாலு மூவரும் நலம்தானே? கவர் கிடைத்தது. இங்கே உப்புக் காற்றில் காகிதம் எதுவும் தங்குவதில்லை. அதைப் பற்றி இனி நாம் எழுதிக்கொள்ள வேண்டாம்.

விசாரணை நல்லபடியாக முடிந்தது. அந்த அம்மாளின் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிட்டார்கள். அவளும் கடைசி நாளில், சிவப்பாகத்தான் இருந்திருக்கும் என்று ஒத்துக்கொண்டாளாம். தண்டனை எதுவும் இல்லை, போய்வா என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கும் அதுதான் நல்லது.

எனக்கு வேலை மாற்றம். பொழுதுபோக்குப் பொறுப்பாளர் என்று சட்டையில் பட்டை குத்தியிருக்கிறார்கள். நாற்காலிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நான் இப்போது தண்ணீரில் இறங்குவதே இல்லை, காது வலி போன இடம் தெரியவில்லை. பலகை மட்டும் இன்னும் நான்தான் எழுதுகிறேன்.

செப்டம்பரில் பன்னிரண்டாம் நம்பர் உங்களுக்குத்தான், மானேஜரே சொல்லிவிட்டார். வாலுவிடம் புதுப் பட்டியல் சொல். கடலில் குளிக்கலாம். படகில் மீன் பார்க்கலாம். கலங்கரை விளக்கம் ஏறலாம். இப்போது வாழைப்பழம் மாதிரி ஒரு ரப்பர் படகு வந்திருக்கிறது, ஆறு பேர் ஏறலாம், வேண்டுமென்றே கவிழ்ப்பார்கள், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கட்டாயம் வாருங்கள்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 16

அம்மா,

வணக்கம். நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் மாதம் புள்ளிப் புத்தகத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தவள் நான். கடையிலிருந்து என்னை யாரும் அனுப்பவில்லை. கடற்கரையில் காவலுக்கு இருந்தவன் என் உடன்பிறந்த தம்பி. ஏப்ரல் ஆறாம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு அவன் எனக்கு ஒரு கடிதம் எழுதினான். கடல் மோசமாக இருக்கிறது, சிவப்பு ஏற்ற வேண்டும், மானேஜர் சொன்னதால் மஞ்சள் ஏற்றியிருக்கிறேன் என்று அதில் இருந்தது. கடலைப் பார்த்த ஒரு அறைக்காக அப்படிச் செய்தான். அந்த அறையைக் கேட்டு நச்சரித்தவள் நான். கொடி மாறியது பிறகு, உங்கள் குழந்தையை மணலில் கிடத்தியிருந்தபோது. அவனே எனக்கு எழுதியிருக்கிறான், அந்த இரண்டாவது கடிதம் என்னிடம் இருக்கிறது.

முதல் கடிதம் இப்போது இல்லை. உங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தபோது அது என் பையில் இருந்தது. வந்து அவனுக்கே திருப்பி அனுப்பினேன், அவனே சொல்லிவிடுவான் என்று நம்பினேன். அவன் சொல்லவில்லை. அத்துடன் அனுப்பாமல் வீட்டில் கிடந்த, ஆறாம் தேதி முத்திரை குத்திய உறையைத் தேடி எடுத்துவிட்டேன். என் கணவருக்கும் அந்தக் கடிதத்தை அன்றே படித்துக் காட்டியிருந்தேன், அவரும் வந்து சொல்வதாக இருக்கிறார். இரண்டாவது கடிதத்தையும் உறையையும் விசாரணை அதிகாரிக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ரசீது இத்துடன் இருக்கிறது. என் தம்பிக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். நம்பவில்லை என்றால் என்னை வரச் சொல்லுங்கள், அவர் எதிரில் நின்று சொல்கிறேன். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நூலை இனி யாரிடமும் தூக்கிக் காட்டிக் கேட்காதீர்கள்.

நீங்கள் குழந்தையின் கையைப் பிடித்திருந்தீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில்தான் நின்றீர்கள். நீங்கள் பார்த்தது மஞ்சள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா